தக்கைப்பூண்டில் சேர்ந்த வெயிலை அளப்பது எப்படி?

பசுந்தாள் உரத்துக்காக, அதாவது பச்சையாகவே மண்ணில் மடக்கி உழுவதற்காக, தக்கைப்பூண்டு விதைத்தவர்கள் ஏக்கருக்கு இத்தனை டன் பச்சை என்று கணக்குச் சொல்வார்கள். அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். செடி சேமித்த ஆற்றல் முழுவதும் உலர் எடையில்தான் இருக்கிறது. அதை அளக்க ஒரு சட்டம், அரிவாள், கிராம் காட்டும் தராசு, காகிதப் பைகள் போதும்.

பிவிசி குழாயில் உள்ளளவு 1 மீட்டருக்கு 1 மீட்டர் வருமாறு சட்டம் செய்யுங்கள். ஒரு பக்கத்தைக் கழற்றி மாட்ட முடிய வேண்டும். ஆளுயரச் செடிக்கு மேலிருந்து சட்டத்தை இறக்க முடியாது. பூக்கத் தொடங்கும் சமயத்தில், அதாவது 45–50 நாளில், ஐந்து இடங்களில் அறுங்கள். செழித்த இடமாகக் கண் தேடும் என்பதால், எத்தனை அடிக்கு ஓரிடம் என்பதை வயலில் இறங்கும் முன்பே முடிவுசெய்யுங்கள். வரப்போரச் செடிக்குப் பக்கவாட்டு வெயிலும் கிடைத்து அது கூடுதலாக வளர்ந்திருக்கும், அதை விடுங்கள். வேர் சட்டத்துக்குள் இருக்கும் செடி மட்டுமே கணக்கு. வெளியிலிருந்து சாய்ந்து வந்தது சேராது.

பனி காய்ந்தபின் தரையொட்டி அறுத்து, அங்கேயே எடை போடுங்கள். தண்டும் இலையும் கலந்து 200 கிராம் எடுத்து நறுக்கி, காகிதப் பையில் போட்டு அன்றே உலர்த்தத் தொடங்குங்கள். அறுத்த செடி காயும்வரை சுவாசித்துக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி ஓரிரவு வைத்தால் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். நாம் அளக்க வந்த ஆற்றலே அப்படித்தான் கரைகிறது. உலர்த்தும் அடுப்பில் 65–70 டிகிரி செல்சியஸில், அடுத்தடுத்து இரண்டு முறை எடை மாறாமல் நிற்கும்வரை வையுங்கள். சுமார் 48 மணி நேரம் ஆகும். வெயிலில் மட்டும் காயவைத்தால், இலை நொறுங்கும் நிலையிலும் ஈரம் ஏறக்குறைய 10 சதவீதம் மிஞ்சும். அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஐந்து இடங்களின் சராசரி சதுர மீட்டருக்கு 2 கிலோ பச்சை; 200 கிராம் காய்ந்து 40 கிராம் ஆனது என்றால் ஐந்தில் ஒரு பங்கு. ஆக உலர் எடை 400 கிராம், ஏக்கருக்கு 1.6 டன். உலர்ந்த தாவரப் பொருளில் கிராமுக்குச் சுமார் 17 கிலோஜூல் ஆற்றல் இருப்பதால், சதுர மீட்டருக்கு 6.8 மெகாஜூல்.

நம் சமவெளியில் ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்குச் சுமார் 18 மெகாஜூல் வெயில் விழுகிறது. 50 நாளுக்கு 900. செடியில் நின்றது முக்கால் சதவீதம்! குறைவாகத் தெரிந்தாலும் அளவு தப்பவில்லை. வெயிலில் பாதி ஒளிச்சேர்க்கைக்கு உதவாத அலைநீளம். முதல் சில வாரம் இலை மூடாததால் நிறைய ஒளி வெறுமண்ணில் விழுந்தது. பிடித்த ஆற்றலிலும் கணிசமான பகுதியைச் செடியே சுவாசத்தில் செலவழித்தது. வேரின் பங்கு இந்தக் கணக்கில் இல்லை.

மடக்கி உழுதபின் இந்த 6.8 மெகாஜூல்தான் மண்ணுயிர்களின் தீனி. பெரும்பகுதி அவற்றின் சுவாசத்தில் வெப்பமாகப் போகும். சிறு பகுதி மட்கில் தங்கும். எடை கூடட்டும் என்று பூத்தபின்னும் விட்டுவைத்தால் தண்டை மரம்போல் கடினமாக்கும் லிக்னின் என்ற பொருள் அதில் ஏறும். எடை கூடும், ஆனால் நுண்ணுயிர் அதை எளிதில் உடைக்காது, நடவின்போது குச்சி காலில் குத்தும்.