காந்தத்தால் குண்டை ஓட விடுவது எப்படி: மூன்று வகை, மூன்று தத்துவம்

அறிவியல் கண்காட்சி வந்தால் பிள்ளைகள் "காந்தத் துப்பாக்கி" செய்யணும் என்று வந்து நிற்பார்கள். அந்தப் பெயருக்குள் தனித்தனியான மூன்று சங்கதிகள் இருக்கின்றன. முதலாவதை வீட்டிலேயே முழுசாகச் செய்யலாம், அதனால் அங்கிருந்து ஆரம்பிப்போம்.

அரை இஞ்ச் நியோடிமியம் காந்தக் கட்டி மூன்று, அதே பருமனில் இரும்புக் குண்டு ஏழு வேண்டும். டிராக்டர் மெக்கானிக்கிடம் கேட்டால் பழைய பேரிங்கை உடைத்து பால்ரஸ் குண்டு எடுத்துத் தருவார். குண்டு ஆடாமல் உருளும் இடைவெளி விட்டு இரண்டு மர ரீப்பர்களை ஒரு பலகையில் ஒட்டிப் பாதை செய்யுங்கள், இரும்பு மேஜை வேண்டாம். காந்தங்களை எட்டு எட்டு சென்டிமீட்டர் தள்ளி, துருவ முகம் பாதையின் நீளவாக்கில் இருக்கும்படி டேப் போட்டு இறுக்குங்கள். ஒவ்வொரு காந்தத்தின் வலப்பக்கமும் இரண்டு குண்டு. இப்போது இடது ஓரத்திலிருந்து மிச்சமுள்ள ஒரு குண்டை மெதுவாக உருட்டினால் டக், டக், டக் என்று கடைசிக் குண்டு பறக்கும். எதிரில் ஒரு தலையணை வையுங்கள், ஆளை நிற்க விடாதீர்கள்.

மெதுவாகப் போன குண்டுக்கு இவ்வளவு வேகம் எப்படி வந்தது? படிக்கட்டுக் கிணறு என்று நினைத்துக்கொள்ளுங்கள். வருகிற குண்டு காந்தத்தோடு நேராக ஒட்டுகிறது, அதாவது அடித்தளம் வரை விழுகிறது. வெளியே போகிற குண்டோ காந்தத்திலிருந்து ஒரு குண்டு தள்ளி, பாதிப் படியில் நிற்கிறது. அது ஏறவேண்டியது கொஞ்சம்தான், மீதி எல்லாம் வேகமாகிவிடுகிறது. வலப்பக்கம் ஒரே குண்டு வைத்துப் பாருங்கள், அது அடித்தளத்திலேயே கிடப்பதால் கிளம்பாது. இது இலவச சக்தி இல்லை. மறுபடி ஓட்ட குண்டுகளைப் பிய்த்து எடுக்கும்போது கை வலிக்குமே, அந்த உழைப்புதான் வேகமாக வெளியே வருகிறது.

இந்தக் காந்தங்களைச் சின்னக் குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது. இரண்டை விழுங்கிவிட்டால் குடல் சுவரை நடுவில் வைத்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து.

அடுத்தது காயில், அதாவது கம்பிச் சுருள். போர் செட் கொட்டகையில் ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனை அமுக்கியதும் உள்ளே "டப்" என்று கேட்கிறதே, அது காயில் இரும்பை இழுக்கும் சத்தம். அதே இழுப்பில் குண்டை விடுவதுதான் காயில்கன். மோட்டார் காயில் கட்டுகிற கடையில் மெல்லிய செப்புக் கம்பி கொஞ்சம் வாங்கி, பேனாக் குழாயில் இருநூறு முந்நூறு சுற்று சுற்றி, குழாயின் வாய்ப்பக்கம் ஒரு ஆணியை வைத்து பேட்டரியை ஒரு நொடி மட்டும் தொடுங்கள் (அதற்கு மேல் சூடாகும்). ஆணி உள்ளே ஓடி நடுவில் நின்றுவிடும், ஏனென்றால் நடுவைத் தாண்டினால் காயில் பின்னுக்கு இழுக்கும். குண்டு நடுவுக்கு வரும்போது கரண்ட் நின்றாக வேண்டும், மொத்த வித்தையும் அந்த நேரக்கணக்கில்தான். நிஜ காயில்கன்னில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கப் போடும் பெரிய கெப்பாசிட்டர்கள் ஸ்விட்சை அணைத்த பிறகும் ஆளைக் கொல்லும், அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நார்வே நாட்டு இயற்பியல் அறிஞர் கிறிஸ்டியான் பிர்க்கலண்ட் 1901-ல் இப்படி ஒரு பீரங்கிக்குக் காப்புரிமை எடுத்து, 1903-ல் காட்டியபோது ஷார்ட் ஆகி பெரிய மின்பொறி பறந்தது. அந்தப் பொறியை வைத்தே காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கும் முறையை பொறியாளர் சாம் ஐடேயுடன் சேர்ந்து உருவாக்கினார். மூட்டை மூட்டையாக உரம் போடுகிற டெல்டாக்காரனுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கணும்.

மூன்றாவது ரெயில்கன். இதில் காயிலும் இல்லை, இரும்பும் தேவையில்லை. இரண்டு தண்டவாளம், குறுக்கே மின்சாரம் கடத்தும் ஒரு துண்டு, லட்சக்கணக்கான ஆம்பியர். தண்டவாளத்தில் ஓடும் கரண்ட் உண்டாக்கும் காந்தப்புலம், துண்டில் ஓடும் கரண்டைத் தள்ளுகிறது. அமெரிக்கக் கடற்படை 2010-ல் 33 மெகாஜூல் வரை சோதித்தது, 2021-ல் திட்டத்தை நிறுத்திவிட்டது. தண்டவாளம் சீக்கிரம் தேய்வது இந்த வகையின் தீராத தலைவலி.

அந்தத் தள்ளலை மட்டும் பார்க்கணுமா? பார்சல் கட்டும் அலுமினியத் தாளில் ஒரு மெல்லிய கீற்று வெட்டி, காந்தத்துக்கு மேலே தொய்வாகப் பிடித்து, இரு முனையிலும் ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டு எடுங்கள். காந்தம் அலுமினியத்தை ஒட்டாது, ஆனாலும் கீற்று பக்கவாட்டில் துள்ளும். பேட்டரியைத் திருப்பினால் எதிர்ப்பக்கம் துள்ளும். முன்பு காயிலில் வைத்த ஆணியோ பேட்டரியை எப்படி மாற்றினாலும் உள்ளேதான் போகும். ரெயில்கன்னில் கரண்டைத் திருப்பினால் புலமும் சேர்ந்து திரும்பிவிடும், அதனால் துண்டு அதே திசையில்தான் ஓடும்.