மேட்ச் பார்க்கக் கேபிளா, இணையமா? கொழும்பு ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேபிளையோ டிஷ்ஷையோ துண்டித்துவிட்டு இணையத்துக்கே மாறிவிடலாமா என்ற பேச்சு இப்போது கொழும்பில் பல வீடுகளில் நடக்கிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் என்னிடம் யோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் மாதக் கட்டணத்தில்தான் தொடங்குகிறார்கள். எது மலிவு, எதில் அலைவரிசைகள் கூட? விளையாட்டு ரசிகருக்கு இது தவறான தொடக்கம். படத்தையோ நாடகத்தையோ அடுத்த வாரம் பார்த்தாலும் அதன் சுவை குறையாது. முடிவு தெரிந்துவிட்ட கடைசி ஓவரை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? ஆகவே நீங்கள் வாங்கப்போவது அலைவரிசைகளை அல்ல, குறிப்பிட்ட சில போட்டிகளை, அவை நடக்கும் அந்த நேரத்தில். அந்தப் போட்டிகள் எவை என்று முடிவு செய்யாமல் பெக்கேஜ்களை ஒப்பிட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை.

உரிமை யாரிடம் என்று பார்க்காமல் வாங்குவது

ஒளிபரப்பு உரிமை நாடு நாடாக, பருவம் பருவமாக விற்கப்படுகிறது. தொலைக்காட்சிக்கு ஒன்று, இணையத்துக்கு வேறொன்று என்றும் பிரித்து விற்பார்கள். இந்தியாவில் ஐபிஎல் போன பாதையைப் பாருங்கள். 2008 முதல் 2017 வரை சோனியிடம் இருந்தது. 2018இல் ஸ்டாருக்குப் போனது. 2023இல் தொலைக்காட்சி உரிமை ஸ்டாரிடமே இருக்க, இணைய உரிமை மட்டும் ஜியோசினிமாவுக்குப் போனது. 2025 பெப்ரவரியில் ஜியோசினிமாவும் ஸ்டாரின் இணையச் சேவையான ஹொட்ஸ்டாரும் ஒன்றாகி ஜியோஹொட்ஸ்டார் ஆகிவிட்டன. இவ்வளவும் இந்தியக் கணக்கு. இலங்கைக்கான உரிமை தனியாகக் கைமாறும். பல தடவை உள்ளூர் நிறுவனம் ஒன்று அதை வாங்கிவிடும். சென்னையில் இருக்கும் மச்சான் “எங்களுக்கு இந்த ஆப்பில் வருகிறது” என்று சொன்னால், அது இங்கேயும் வரும் என்று நம்பிப் பணம் கட்டக் கூடாது.

உதைபந்தாட்ட ரசிகர்களுக்குத் தலைவலி இன்னும் கூட. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் நமது பிராந்தியத்துக்குக் கடந்த பல பருவங்களாக ஸ்டார் வழியாகவும், ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் சோனி வழியாகவும் வந்துகொண்டிருக்கின்றன. ஒரே கழகத்தின் ரசிகர் அதன் ஆட்டங்களை முழுதாகப் பார்க்க இரண்டு இடத்துக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு குழுமங்களின் விளையாட்டு அலைவரிசைகளும் ஒரே டிஷ் பெக்கேஜில் கிடைக்குமானால், பழைய முறைதான் உங்களுக்கு மலிவாக முடியும். இதை ஒரு பில்லை வைத்துக் கூட்டிப் பார்க்காமலே பலர் இணைப்பை வெட்டிவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது எளிது. வரும் பன்னிரண்டு மாதங்களில் உங்கள் வீட்டில் கட்டாயம் பார்க்கும் தொடர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் இலங்கையில் யாரிடம் உரிமை இருக்கிறது என்று அந்தப் போட்டியை நடத்தும் அமைப்பின் தளத்திலேயே தேடுங்கள். சர்வதேச கிரிக்கெட் பேரவை தனது பெரிய தொடர்களுக்கு முன் நாடுவாரியாகப் பட்டியல் வெளியிடுகிறது. பிரீமியர் லீக்கின் தளத்திலும் நாடுவாரியான விவரம் உண்டு. விற்பனையாளரின் வாய்மொழியைவிட அந்தப் பட்டியல் பெரிது. அலைவரிசை பெக்கேஜில் இருப்பதாலேயே போட்டியும் வரும் என்று எண்ணிவிடவும் வேண்டாம். உரிமை வேறொருவரிடம் இருந்தால், ஆட்டம் தொடங்கும் நேரத்தில் அதே அலைவரிசையில் படத்துக்குப் பதிலாக ஓர் அறிவித்தல்தான் நிற்கும்.

இதைச் சொல்லும்போது மறக்கக் கூடாத ஒன்று, மொட்டைமாடியில் துருப்பிடித்து நிற்கும் சாதாரண அன்ரெனா. இலங்கை அணி ஆடும் தொடர்களும் உலகக் கிண்ணங்களும் உள்நாட்டு இலவச அலைவரிசைகளில் வருவது வழக்கம். விளம்பரம் நீண்டு ஓவரின் முதல் பந்து போய்விடும் என்பது உண்மை. ஆனாலும் இலங்கை ஆடும்போது மட்டும் பார்க்கிற குடும்பத்துக்கு அதுவே போதும். மாதாமாதம் பணம் கட்டி அதே படத்தைப் பெறுகிற வீடுகள் இருக்கின்றன.

பாடசாலை கிரிக்கெட் இதற்கு நேர்மாறு. யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் வடக்கின் பெரும் சமரை எந்த இந்திய விளையாட்டு அலைவரிசையும் காட்டப்போவதில்லை. கொழும்பில் இருக்கும் பழைய மாணவருக்கு மார்ச் மாதத்தில் கைகொடுப்பது இணைய நேரலைதான். றோயல் – தோமியன் ஆட்டமும் பாடசாலை ரக்பியும் உள்ளூர்த் தளங்களில் நேரலையாகக் கிடைக்கின்றன. உங்கள் பட்டியலில் இவைதான் முதலிடம் என்றால் நல்ல இணைய இணைப்பில் பணத்தைப் போடுங்கள்.

டேட்டாக் கணக்கை விட்டுவிடுவது

இணையவழியில் ‘மாதம் இவ்வளவுதான்’ என்று போட்டிருக்கும் விலை பாதி விலை. மீதி டேட்டாவில் போகிறது. கணக்கு கடினமில்லை: விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் படம் ஓடினால் 450 மெகாபைட் செலவாகும். தெளிவான எச்டி படத்துக்கு ஏறக்குறைய 5 மெகாபிட் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 2.25 ஜிகாபைட். ஓர் இருபதுக்கு இருபது ஆட்டம் மூன்றரை மணி நேரம், கிட்டத்தட்ட 8 ஜிகாபைட். ஒருநாள் ஆட்டத்தை இடைவேளையிலும் நிறுத்தாமல் ஓடவிட்டால் 18 ஜிகாபைட். ஐந்து நாள் முழுதாக நடக்கும் ஒரு டெஸ்டுக்கு 30 மணி நேர ஆட்டம். 67 ஜிகாபைட்டுக்கு மேல் போய்விடும். இரண்டு டெஸ்ட் கொண்ட ஒரு தொடரிலேயே பல வீடுகளின் மாத அளவு தீர்ந்துவிடும். பிறகு பிள்ளைகளின் படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் மேலதிக டேட்டா ரீலோட் செய்ய வேண்டும். அந்தச் செலவை யாரும் மேட்ச் கணக்கில் எழுதுவதில்லை.

‘அன்லிமிட்டெட்’ என்ற பெக்கேஜிலும் ஓர் அளவைத் தாண்டினால் வேகத்தைக் குறைக்கும் நிபந்தனை இருக்கலாம். எந்த அளவில், எந்த வேகத்துக்குக் குறையும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குறைந்த பின் கிடைக்கும் வேகம் 5 மெகாபிட்டுக்குக் கீழே என்றால் உங்களுக்கு அது அன்லிமிட்டெட் ஆகாது. மாறாக, நள்ளிரவுக்குப் பின் தனி இரவு டேட்டா தரும் பெக்கேஜ் உதைபந்தாட்ட ரசிகருக்கு வரம். சம்பியன்ஸ் லீக்கில் லண்டன் மைதானத்தில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம், அங்கே கோடைகாலமானால் இங்கே 12.30க்கும் குளிர்காலமானால் 1.30க்கும் வரும். தொலைபேசி நிறுவனமே ஃபைபர் கம்பியில் தரும் தொலைக்காட்சிச் சேவை வழக்கமாக டேட்டாக் கணக்கில் சேர்வதில்லை. டெஸ்ட் கிரிக்கெட் பிரியர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

வேகம் குறைந்தால் படம் மங்குவதோடு நிற்பதில்லை. மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து, விநாடிக்கு 25 சட்டங்கள் (ஃபிரேம்கள்) காட்டும் படத்தில் ஒரு சட்டத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே ஒன்றரை மீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். 50 சட்டங்கள் என்றால் அதில் பாதி. சில செயலிகள் இணைப்பு பலவீனமானதும் சட்டங்களைக் குறைத்துவிடுகின்றன. பந்து எங்கே குத்தியது, எந்தப் பக்கம் திரும்பியது என்பது கண்ணுக்கு அகப்படாது. படம் நின்று சுற்றத் தொடங்கிவிட்டாலோ இழப்பு இன்னும் பெரிது. 2023 செப்டெம்பர் 17 அன்று பிரேமதாச மைதானத்தில் நடந்த ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் மொஹமட் சிராஜ் ஒரே ஓவரில் நான்கு விக்கெட்டுகளை வீழ்த்தினார். இலங்கை 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது. ரவுட்டரை அணைத்துப் போடும் நேரத்தில் அந்த ஓவர் முடிந்திருக்கும்.

ஆகவே இலவசச் சோதனைக் காலத்தைப் பகல் இரண்டு மணிக்குப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இரவு ஏழுக்கும் பத்துக்கும் இடையில், ஏதாவது பெரிய ஆட்டம் நடக்கும் நாளில், வீட்டில் மற்றவர்களும் கைத்தொலைபேசியில் இருக்கும்போது பாருங்கள். தொடர்மாடிகளில் பக்கத்து வீடுகளின் வைஃபை எல்லாம் ஒன்றோடொன்று மோதும். ரவுட்டரிலிருந்து தொலைக்காட்சிக்கு நேராக ஒரு கம்பி இழுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தாமதத்தைப் பொருட்படுத்தாமல் இருப்பது

இணைய நேரலை படத்தைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, அவற்றில் சிலவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓடத் தொடங்கும். அதனால் டிஷ்ஷைவிட அரை நிமிடம் வரை பிந்துவது சாதாரணம். கொட்டாஞ்சேனையில் இருப்பவருக்கு இதன் பொருள் நன்றாகத் தெரியும். பிரேமதாச மைதானத்திலிருந்து இரண்டு கிலோமீற்றர் தள்ளி இருக்கும் ஒரு வீட்டுக்குக் கூட்டத்தின் ஆரவாரம் காற்றில் வந்து சேர ஆறு விநாடி போதும். அப்போது அவருடைய கைத்தொலைபேசியில் பந்துவீச்சாளர் முந்தைய பந்தை முடித்துத் திரும்பி நடந்துகொண்டிருப்பார். வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றின் நான்காம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் டிஷ்ஷை எடுத்துவிட்டுச் செயலிக்கு மாறினார். “தம்பி, விக்கெட் விழுந்ததைக் கீழ்வீட்டுப் பிள்ளைகள் கத்தித்தான் நான் அறிய வேண்டியிருக்கிறது” என்று அவர் சொன்னபோது குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அவருக்கு நான் சொன்னது இதுதான்: “ஐயா, இதில் உங்கள் இணைப்பின் பிழை எதுவும் இல்லை, அந்த முறையே அப்படித்தான்.”

தனியாக, சத்தமில்லாத இடத்தில், கைத்தொலைபேசிக் குழுக்களை அணைத்துவிட்டுப் பார்ப்பவருக்கு இது ஒரு பொருட்டில்லை. சுற்றிலும் ரசிகர்கள் வாழும் கட்டடத்தில் இருப்பவர் இதை விலையோடு சேர்த்து எடைபோட வேண்டும்.

இணையத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பிரீமியர் லீக்கின் கடைசி நாளில் பத்து ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடக்கும். அலைவரிசையில் அவற்றில் ஒன்றிரண்டுதான் வரும். அதுவும் பெரிய கழகங்களின் ஆட்டமாக இருக்கும். சிறிய கழகமொன்றை நேசிப்பவருக்கு, எல்லா ஆட்டங்களையும் தனித்தனியாகத் தரும் இணையச் சேவைக்கு ஈடு இல்லை.

மழை, மின்வெட்டு

பலத்த மழையில் டிஷ் படம் உடைந்து போகும். ஒக்டோபர், நவம்பர் மாத மாலைகளில் கொழும்பில் இடியோடு கொட்டும் மழை இதற்குப் பேர்போனது. தொடர்மாடியில் எதிரே புதிதாக ஓர் உயர்ந்த கட்டடம் எழுந்தால் டிஷ் பார்க்க வேண்டிய வானமே மறைந்துவிடும். பல்கனியில் டிஷ் பொருத்த நிர்வாகக் குழு விடுமா என்பதையும் பணம் கட்டுமுன் கேளுங்கள். மின்சாரம் நின்றால் தொலைக்காட்சி எந்த முறையிலும் நின்றுவிடும். ஆனால் ரவுட்டருக்கு ஒரு சிறிய மின்கலப் பெட்டி வாங்கி வைத்தால், ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் கைத்தொலைபேசியில் ஆட்டத்தைத் தொடரலாம். 2022இன் நீண்ட மின்வெட்டுகளைக் கடந்து வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தியக் கணக்கு, இந்திய டிஷ், மலிவுப் பெட்டி

இந்தியாவில் உள்ள உறவினர் பெயரில் கணக்கு எடுத்து, இடத்தை மறைக்கும் செயலி வழியாக இங்கே பார்ப்பது அந்தச் சேவைகளின் நிபந்தனைகளுக்கு முரணானது. பெரிய ஆட்டம் நடக்கும் இரவில் அது திடீரென்று வேலை செய்யாமல் போனால் முறையிட யாரும் இல்லை. இந்திய டிஷ்ஷைக் கொண்டுவந்து பொருத்தித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சேவைகளுக்கு உரிமம் இந்தியாவுக்குள் மட்டும்தான். முகவரிடம் ரீசார்ஜுக்குக் கொடுக்கும் பணத்துக்குப் பற்றுச்சீட்டு கிடைக்காது. அவர் தொலைபேசியை எடுக்காத நாளில் உங்கள் தொலைக்காட்சி வெறும் கண்ணாடி.

ஆயிரக்கணக்கான அலைவரிசைகள் என்று சொல்லி விற்கும் திருட்டுப் பெட்டிகளை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். சேவையகம் முடக்கப்பட்டால் எல்லாம் போய்விடும். எங்கிருந்தோ வந்த மென்பொருள் உங்கள் வீட்டு இணையத்துக்குள் உட்கார்ந்திருக்கும். அதே வைஃபையில்தான் நீங்கள் வங்கிக் கணக்கையும் திறக்கிறீர்கள்.

ஆண்டுக் கட்டணமும் வீட்டுப் பெரியவர்களும்

முறையான சேவையானாலும் ஆண்டுக் கட்டணத்தில் அவசரப்பட வேண்டாம். ஐபிஎல் இரண்டு மாதம்தான். மாதக் கட்டணம் இருந்தால் அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் எடுத்து நிறுத்திவிடலாம். அட்டையில் டொலரில் கழியும் சேவை என்றால் நாணய மாற்று விலையும் வங்கிக் கட்டணமும் சேரும். உள்ளூர்ப் பெக்கேஜிலும் விளம்பரத்தில் உள்ள விலைக்கு மேல் 18 வீத வற் (VAT) வரியும் மற்ற வரிகளும் வருமா என்று கேளுங்கள்.

பெரும்பாலான ஒப்பீடுகளில் இடம்பெறாதது வீட்டில் இருக்கும் அப்பாவோ தாத்தாவோதான். அவர் அலைவரிசை எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கிறார். ரிமோட்டில் மூன்று பொத்தான் அழுத்தினால் ஆட்டம் வந்துவிடுகிறது. செயலியில் கடவுச்சொல், புதுப்பிப்பு, தொலைபேசிக்கு வரும் குறியீடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டால், பிள்ளைகள் வேலைக்குப் போன பகலில் அவர் டெஸ்டைப் பார்க்க மாட்டார். தமிழ் வர்ணனை அவருக்கு வேண்டுமென்றால், பெக்கேஜில் அந்தத் தமிழ் அலைவரிசை பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். மாறுவதானால் முதல் மாதம் இரண்டையும் வைத்திருந்து, அவரே தனியாக ஆட்டத்தைப் போட்டுப் பார்த்த பிறகு பழைய இணைப்பைத் துண்டியுங்கள். பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது வைப்புப் பணம் மீளக் கிடைக்குமா என்று கேட்டு, கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.