பிரஷர் கருவியைக் கைத்தொலைபேசியோடு இணைத்து வீட்டிலேயே அளப்பது எப்படி?

கிளினிக் நாளில் அம்மா ஒட்டுசுட்டானில் விடியற்காலை பஸ் ஏறுவார். பாதித் தூரம் நின்றுகொண்டே போய், வரிசையில் காத்திருந்து கையை நீட்டும்போது பிரஷர் ஏறித்தான் இருக்கும். அது நோயா, களைப்பா என்பதை ஓர் அளவு சொல்லாது. வீட்டில் ஒரு வாரம் எடுத்த அளவுகள் சொல்லும்.

முதலில் கருவி. மேற்கையில் சுற்றும் பட்டி உள்ளதையே வாங்குங்கள். மணிக்கட்டுக் கருவி, கை சற்று ஏறி இறங்கினாலும் பிழையாகக் காட்டும். கடைக்குப் போகுமுன் மேற்கையின் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். பட்டி சிறிதானால் பிரஷர் கூடுதலாகக் காட்டும்.

அடுத்து இணைப்பு. சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் கருவிக்குரிய செயலியைத் தரவிறக்குங்கள். புளூடூத்தைத் திறந்து, செயலிக்குள் இருந்தே கருவியைச் சேருங்கள். சில தொலைபேசிகள் இருப்பிட அனுமதி கேட்கும். மறுத்தால் கருவி தென்படாது. புளூடூத்துக்கு இணையம் தேவையில்லை என்பதால், சிக்னல் இல்லாத வீட்டிலும் அளவு தொலைபேசிக்கு வந்துவிடும். இருவர் பாவித்தால் ஆளுக்கொரு கணக்கு வையுங்கள். அப்பாவின் அளவு அம்மாவின் கணக்கில் விழுந்தால் ஒரு வார உழைப்பும் வீண்.

இனி அளப்பது, பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் நேர்கின்றன. அதற்கு முந்திய அரை மணி நேரம் தேநீர், புகையிலை, வயல் வேலை எதுவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்திருக்கும்படி கதிரையில் அமருங்கள். பாதங்கள் நிலத்தில் படியட்டும். கால்மேல் கால் போடாதீர்கள். சட்டைக்கை இல்லாத வெறும் கையில், முழங்கைக்கு இரண்டு விரல் மேலே பட்டியைச் சுற்றுங்கள். கையை மேசையில், நெஞ்சின் உயரத்துக்கு, தலையணை வைத்துத் தாங்குங்கள். போரில் காயப்பட்ட கை என்றால் மற்றக் கையில் எடுங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து பொத்தானை அழுத்துங்கள். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை. காலையில் குளிசைக்கு முன்பும் மாலையிலுமாக 7 நாட்கள் இப்படிச் செய்யுங்கள்.

முதல் நாளை விட்டுவிட்டு மீதி நாட்களின் சராசரியைப் பாருங்கள். மேல் எண் 135 அல்லது கீழ் எண் 85, அல்லது அதற்கு மேல் என்றால் வைத்தியரிடம் காட்டுங்கள். நீங்களாகக் குளிசையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். 180/120ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், கை கால் மரத்தல் ஏதும் இருந்தால் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அறிகுறி இல்லாவிட்டால் சற்று ஓய்ந்து மீண்டும் அளந்து பாருங்கள். குறையாவிட்டால் அன்றே வைத்தியரைப் பாருங்கள்.

கிளினிக் நாளுக்கு முதல் இரவு, செயலியில் உள்ள எண்களைத் திகதியோடு கிளினிக் கொப்பியில் ஒரே பக்கத்தில் எழுதிவிடுங்கள். கூட்டம் நிறைந்த கிளினிக்கில் வைத்தியரால் ஒரே பார்வையில் படிக்க முடிவது அந்தப் பக்கத்தைத்தான்.