மலை ரயில் பெட்டியில் யார் எங்கே? இருக்கைப் புதிரை விடுவிக்கும் முறை

கைப்பேசியில் வரும் இருக்கைப் புதிர்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: சில ஆட்கள், அதே எண்ணிக்கையில் இருக்கைகள், யார் எங்கே உட்காரலாம், எங்கே உட்காரக் கூடாது என்று சொல்லும் சில குறிப்புகள். வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்கள் காகிதத்தில் போட்டுப் பழகும் அதே கணக்குதான் படமும் வண்ணமும் சேர்ந்து திரைக்கு வந்திருக்கிறது. தொடக்க நிலைகளில் ஆட்களை விரலால் இழுத்து அங்கும் இங்கும் போட்டுப் பார்த்தே விடையைப் பிடித்துவிடலாம். ஆறு பேர் வந்துவிட்டால் அந்த வழி உதவாது. ஆறு பேரை ஆறு இருக்கைகளில் 720 விதமாக உட்கார வைக்கலாம், எட்டுப் பேர் என்றால் 40,320 விதம். இந்தப் பெருங்கூட்டத்தைச் சில நிமிடங்களில் ஒற்றை விடையாகக் குறைப்பது குறிப்புகளை எந்த வரிசையில் கையில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. விளையாட்டு குறிப்புகளைக் காட்டும் வரிசையும் அவற்றைப் பயன்படுத்த வேண்டிய வரிசையும் வேறு வேறு என்பதை மனத்தில் பதிய வைத்துக்கொண்டால் பாதிப் புதிர் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

முறையை விளக்குவதற்காக நீலகிரிக்காரர்கள் அனைவரும் அறிந்த ஓரிடத்தை வைத்து ஒரு புதிர் அமைத்திருக்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலை ரயிலின் ஒரு பெட்டியில் எதிரெதிரே இரண்டு பெஞ்சுகள், பெஞ்சுக்கு மூன்று இருக்கைகள். நடு இருக்கையைத் தவிர மற்றவை ஜன்னலோர இருக்கைகள். பயணம் செய்பவர்கள் ஆறு பேர்: பாட்டி, பேத்தி, வெலிங்டனுக்குத் திரும்பும் படைவீரர், ஆசிரியை, செவிலியர், கேத்திக்குப் போகும் காய்கறி வியாபாரி. ஒரே பெஞ்சில் தோள் தொட உட்கார்ந்திருப்பவர்களை மட்டுமே பக்கத்தில் இருப்பவர்களாகக் கொள்ள வேண்டும்.

குறிப்புகள் ஏழு. வியாபாரி பாட்டிக்குப் பக்கத்தில் இல்லை. ஆசிரியை படைவீரருக்கு நேரெதிரே இல்லை. பேத்தி ஜன்னலோரம் இருக்கிறாள். செவிலியரும் ஆசிரியையும் பக்கத்துப் பக்கத்தில் இல்லை. படைவீரருக்கு இடப்பக்கம், அவரை ஒட்டியே, பேத்தி இருக்கிறாள். பாட்டி இன்ஜினுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார். பாட்டியும் பேத்தியும் நேருக்கு நேர் இருக்கிறார்கள்.

முதல் வேலை படம் வரைவது. திரையிலேயே இருக்கைகள் தெரியும்போது காகிதம் எதற்கு என்று தோன்றலாம். ஆனால் திரையில் ஓர் இருக்கையில் ஓர் ஆளைத்தான் வைக்க முடியும், காகிதத்திலோ ‘இங்கே இவர் அல்லது அவர்’ என்றும் ‘இங்கே இவர் வரவே முடியாது’ என்றும் எழுதி வைக்கலாம். தாளின் மேல்பக்கம் குன்னூர், கீழ்ப்பக்கம் மேட்டுப்பாளையம் என்று வைத்துக்கொண்டு, கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 1, 2, 3 என்றும், அதற்கு எதிரே மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 4, 5, 6 என்றும் எண்ணிடுங்கள். ஆக 1-க்கு எதிரே 4, 2-க்கு எதிரே 5, 3-க்கு எதிரே 6. கீழ் வரிசைக்காரர்கள் குன்னூரைப் பார்த்தும், மேல் வரிசைக்காரர்கள் மேட்டுப்பாளையத்தைப் பார்த்தும் உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர்களைச் சுருக்கி எழுதும்போது பாட்டி, பேத்தி, படைவீரர் மூவருக்கும் முதல் எழுத்து ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால் ‘பாட்’, ‘பேத்’, ‘படை’ என்று எழுதுங்கள். அவசரத்தில் ஒற்றை எழுத்தாகக் கிறுக்கினால் பின்னால் எது யாருடையது என்று தேட நேரும்.

இனி எந்தக் குறிப்பில் தொடங்குவது? ஒவ்வொரு குறிப்பையும் படித்ததும் ‘இது எத்தனை இடங்களை விட்டுவைக்கிறது’ என்று கேட்டுப் பாருங்கள். ‘வியாபாரி பாட்டிக்குப் பக்கத்தில் இல்லை’ என்பது முதலில் வந்தாலும், பாட்டி எங்கே என்று தெரியாதவரை அது எதையும் முடிவு செய்யாது. ‘இல்லை’ என்று முடியும் குறிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான். மற்ற ஆட்கள் இடம் பிடித்த பிறகே அவை வேலை செய்யும். ஓர் ஆளை ஒரு வரிசையிலோ ஓர் ஓரத்திலோ கட்டிப்போடும் குறிப்புகளும், இரண்டு ஆட்களை ஒன்றாகப் பிணைக்கும் குறிப்புகளும்தான் தொடக்கத்துக்கு உரியவை. இந்தப் புதிரில் அப்படிப்பட்ட தொடக்கம் பாட்டிதான், அவரைப் பற்றிய குறிப்பு அவரை ஒரே வரிசைக்குள் அடைத்துவிடுகிறது.

எந்த வரிசை என்பதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். இன்ஜின் முன்னால் இழுக்கும் ரயிலாக இருந்தால் அதற்கு முதுகு காட்டுபவர் வந்த வழியைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். 1899-இல் ஓடத் தொடங்கிய நம் மலைப்பாதையில் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே இன்ஜின் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று மேலே தள்ளிக்கொண்டு போகிறது. கல்லாறைத் தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே இருக்கும் பல் தண்டவாளத்தில் அதன் பற்சக்கரம் பொருந்தி ஏறுவதும், இறக்கத்தில் பெட்டிகள் உருண்டுவிடாமல் கீழ்ப்புறம் நின்று காப்பதும் இந்த அமைப்பால்தான். ஆகவே இன்ஜின் மேட்டுப்பாளையம் பக்கம் இருக்கிறது, அதற்கு முதுகு காட்டும் பாட்டி குன்னூரைப் பார்த்தபடி கீழ் வரிசையில் இருக்கிறார். விளையாட்டில் வரும் ரயில், பேருந்து, படகு எதுவானாலும் முன்பக்கம் எது, வண்டியை ஓட்டும் இடம் எது என்பதைப் படத்திலேயே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். வழக்கத்தை நம்பி ஊகித்தால் அதன்பின் செய்யும் சரியான வேலையெல்லாம் வீணாகும்.

பாட்டி கீழ் வரிசை என்றால் அவருக்கு நேரெதிரே இருக்கும் பேத்தி மேல் வரிசை. அவள் ஜன்னலோரம் என்பதால் 4 அல்லது 6. அதற்கேற்பப் பாட்டி 1 அல்லது 3. இந்த மூன்று குறிப்புகள் மட்டுமே 720 விதங்களை 48 ஆகக் குறைத்துவிட்டன. அடுத்து, பேத்தியோடு பிணைந்த இன்னொரு குறிப்பு: படைவீரரின் இடப்பக்கம், ஒட்டியே, பேத்தி. பலர் வழுக்கும் இடம் இது. மேல் வரிசையில் இருப்பவர் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் அவருடைய இடக்கை தாளில் வலப்பக்கம் இருக்கும். சந்தேகம் இருந்தால் தாளைத் தலைகீழாகத் திருப்பி, அந்த ஆளின் இடத்தில் உங்களை வைத்து இடக்கையை நீட்டிப் பாருங்கள், அல்லது ஒவ்வோர் ஆளுக்கும் முகம் பார்க்கும் திசையில் ஒரு சிறு அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். பேத்தி 4-இல் இருந்தால் அவளைத் தன் இடக்கைப் பக்கம் வைத்திருக்க யாராலும் முடியாது, ஏனென்றால் அந்தப் பக்கம் சுவர். எனவே பேத்தி 6, படைவீரர் 5, பாட்டி 3. மூன்று இருக்கைகள் முடிந்தன, மீதியிருப்பவை வெறும் ஆறு விதங்கள்.

இப்போதுதான் ‘இல்லை’ குறிப்புகளின் முறை. காலியாக இருப்பவை 1, 2, 4; உட்கார வேண்டியவர்கள் ஆசிரியை, செவிலியர், வியாபாரி. 1-உம் 2-உம் பக்கத்து இருக்கைகள் என்பதால் செவிலியரும் ஆசிரியையும் அவை இரண்டையும் பிடித்துக்கொள்ள முடியாது. அவர்களில் ஒருவர் 4-க்குப் போயாக வேண்டும். அப்படியானால் வியாபாரிக்கு 1 அல்லது 2. பாட்டி 3-இல் இருக்க, 2 அவருக்குப் பக்கத்து இருக்கை. ஆகவே வியாபாரி 1. எஞ்சிய 2-உம் 4-உம் ஆசிரியைக்கும் செவிலியருக்கும். படைவீரர் 5-இல் இருப்பதால் அவருக்கு நேரெதிர் 2. அங்கே ஆசிரியை வரக் கூடாது. ஆசிரியை 4, செவிலியர் 2. ஆறு விதங்கள் நான்காகி, இரண்டாகி, ஒன்றாகிவிட்டன. எந்த இடத்திலும் ஊகம் தேவைப்படவில்லை.

இதே புதிரில் இரண்டு தவறுகளைச் செய்து பார்ப்பது பயனுள்ளது. மேல் வரிசையின் இட வலத்தைத் தாளில் தெரிகிறபடியே எடுத்துக்கொண்டால் பேத்தி 4, படைவீரர் 5, பாட்டி 1, செவிலியர் 2, வியாபாரி 3, ஆசிரியை 6 என்று கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல ஒரு விடை வரும். மற்ற ஆறு குறிப்புகளும் அதற்குச் சரியாகப் பொருந்தும், படைவீரரின் இடப்பக்கம் மட்டும் பொருந்தாது. எல்லாம் சரியாக இருந்தும் விளையாட்டு ஏற்க மறுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த இட வலத்தைத்தான். இரண்டாவது, ஜன்னலோரக் குறிப்பை அற்பமானது என்று விட்டுவிடுவது. அப்போது பேத்தி நடுவில் 5-லும், படைவீரர் 4-லும், பாட்டி 2-லும், வியாபாரி 6-லும், செவிலியர் 1-லும், ஆசிரியை 3-லும் அமர்ந்து மற்ற எல்லாக் குறிப்புகளையும் நிறைவு செய்வார்கள். நன்றாக அமைக்கப்பட்ட புதிரில் சும்மா வந்து நிற்கும் குறிப்பு அரிது. ஒரு கட்டத்தில் இரண்டு வழிகள் திறந்தே கிடந்தால், இன்னும் பயன்படுத்தாத குறிப்பு எது என்று தேடுங்கள். பயன்படுத்திய குறிப்புக்கு அருகில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனால் அது உடனே கண்ணில் படும்.

எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கும் நிலைகளுக்கும் இதே முறை போதும், ஆனால் அங்கே தூரத்தைச் சொல்லும் குறிப்புகள் அதிகம் வரும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் புகைப்படத்துக்காக ஏழு பேர் வரிசையாக நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்ன இருவருக்கு நடுவே இரண்டு பேர் நிற்கிறார்கள் என்றால் அந்த இருவர் 1-4, 2-5, 3-6, 4-7 என்ற நான்கு சோடி இடங்களில் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். நடுவே ஐந்து பேர் என்றால் 1-7 மட்டும்தான். ஆக, இடைவெளி பெரிதாகப் பெரிதாகக் குறிப்பு வலுவாகிறது, பெரிய இடைவெளியைச் சொல்லும் குறிப்பை முதலில் எடுங்கள். புகைப்படக்காரரை, அதாவது நம்மை, பார்த்து நிற்பவர்களின் இடப்பக்கம் நமக்கு வலப்பக்கம் என்பது இங்கேயும் பொருந்தும். ‘இடப்பக்கம்’ என்பதும் ‘உடனடி இடப்பக்கம்’ என்பதும் ஒன்றல்ல. முன்னது அந்தத் திசையில் எங்கே இருந்தாலும் சரி என்கிறது, பின்னது ஒட்டியிருக்க வேண்டும் என்கிறது.

வட்ட மேசையில் ஓரம் கிடையாது, அதனால் தொடங்க இடமில்லாததுபோல் தோன்றும். இருக்கைகளுக்கு எண்ணோ அடையாளமோ இல்லாத மேசை என்றால், அதிகக் குறிப்புகளில் பெயர் வருகிற ஆளை ஏதேனும் ஓர் இருக்கையில் வைத்துவிடுங்கள். யாரோடு யார் என்பதுதான் கணக்கு, மேசையைச் சுழற்றினால் எதுவும் மாறாது. எட்டுப் பேர் அமரும் மேசையில் இந்த ஒரே செயல் 40,320-ஐ 5,040 ஆக்கிவிடும். மேசையைப் பார்த்து உட்கார்ந்தவரின் இடப்பக்கம் கடிகார முள் சுற்றும் திசை. வெளியே பார்த்து உட்கார்ந்தவருக்கு அது நேர்மாறு. எட்டுப் பேரில் இடப்பக்கம் மூன்றாவது ஆளும் வலப்பக்கம் ஐந்தாவது ஆளும் ஒருவரே என்பதால், ஒரு பக்கமாக எண்ணிப் பார்த்து முடியாதபோது மறுபக்கமாக எண்ணலாம்.

கடினமான நிலைகளில் எல்லாக் குறிப்புகளையும் பயன்படுத்திய பிறகும் ஓர் ஆளுக்கு இரண்டு இடங்கள் மிஞ்சுவது உண்டு. அப்போது ஒன்றை எடுத்துக்கொண்டு, அது உண்மை என்று கொண்டால் மற்றவர்கள் எங்கே போக வேண்டியிருக்கும் என்று பின்தொடருங்கள். ஏதாவதொரு குறிப்பு உடைந்தால் மற்ற இடமே சரி. இதைத் திரையில் செய்யாமல் தாளில் வேறு நிறத்தில் செய்தால், உறுதியானது எது, சோதனைக்கு வைத்தது எது என்பது கலந்துவிடாது. அதிக ஆட்களைப் பாதிக்கும் தெரிவையே சோதனைக்கு எடுங்கள், அதில்தான் முரண்பாடு சீக்கிரம் வெளிப்படும். சில விளையாட்டுகளில் ஆளை உட்கார வைத்தவுடன் அவர் முகம் மலர்வதோ வாடுவதோ தெரியும். அது அவரைப் பற்றிய குறிப்பு இந்த நொடியில் நிறைவேறியிருக்கிறதா என்பதை மட்டுமே காட்டுகிறது, முழு விடையில் அவர் இடம் அதுதான் என்று சொல்வதில்லை. மலர்ந்த முகத்தை நம்பி ஆளைப் பூட்டிவிட்டு மற்றவர்களையே மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் பெரும்பாலும் நிலை நகராமல் நிற்கக் காரணம்.

எல்லோரும் உட்கார்ந்த பிறகு, நீங்கள் பயன்படுத்திய வரிசையை விட்டுவிட்டு, விளையாட்டு தந்த வரிசையிலேயே முதல் குறிப்பிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்து, குறிப்பில் வரும் ஆளின் இருக்கையிலிருந்து அவர் பார்க்கும் திசையில் பார்த்துச் சரிபாருங்கள். அதன்பின் விடையைச் சமர்ப்பிக்கும் பொத்தானைத் தொடலாம்.