(−2)⁴, −2⁴: விடை ஏன் வேறு?

அடுக்கு என்பது அடிமானத்தை எத்தனை முறை எழுதிப் பெருக்க வேண்டும் என்ற கணக்கு. 5³ என்றால் (5 அடிமானம், 3 அடுக்கு) 5 × 5 × 5 = 125. அடிமானம் மிகை எண் என்றால் எந்த அடுக்குப் போட்டாலும் விடை மிகைதான். வம்பெல்லாம் அடிமானம் குறை எண்ணாகும்போதுதான்.

முதல் படி: பெருக்கிப் பாருங்கள்

(−2)¹ = −2
(−2)² = 4
(−2)³ = −8
(−2)⁴ = 16

−2ஆல் பெருக்கும் ஒவ்வொரு முறையும் குறி புரளுகிறது. இரண்டு முறை புரண்டால் பழைய நிலை. அதாவது, மைனஸ்கள் ஜோடி ஜோடியாகக் கழிந்துவிடும். அடுக்கு இரட்டைப்படை என்றால் எதுவும் மிஞ்சாது, விடை மிகை. ஒற்றைப்படை என்றால் ஒரு மைனஸ் மிஞ்சும், விடை குறை. (−1)²⁰²⁵ எவ்வளவு? 2025 முறை பெருக்க வேண்டாம். கடைசி இலக்கம் 5, ஒற்றை. விடை −1.

இரண்டாம் படி: அடுக்கு எதன் தலையில் உட்கார்ந்திருக்கிறது?

பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். −2⁴ இல் அடைப்புக்குறி இல்லை. அடுக்கு 2க்கு மட்டுமே சொந்தம். முதலில் 2⁴ = 16, அப்புறம்தான் மைனஸ். விடை −16. குழப்பமாக இருந்தால் −(2⁴) என்று மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தப் பிழை சீக்கிரம் மாட்டாது. காரணம், ஒற்றை அடுக்கில் −2³, (−2)³ இரண்டுமே −8. தப்பாகப் போட்டாலும் விடை சரியாக வந்து ஏமாற்றும்.

கணினியையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். எக்செல்லில் =-2^4 என்று தட்டினால் 16 வரும், அது மைனஸை முதலில் சேர்த்துக்கொள்ளும். பைத்தான் நிரல்மொழியில் -2**4 (** என்பது அடுக்குக் குறி) என்றால் −16. நான் எங்கேயும் அடைப்புக்குறி போட்டுவிடுவேன்.

மூன்றாம் படி: அடுக்கே மைனஸ் என்றால்?

2³ = 8, 2² = 4, 2¹ = 2, 2⁰ = 1. அடுக்கில் ஒன்று குறையக் குறைய விடை பாதியாகிறது. இன்னும் இறங்கினால் 2⁻¹ = 1/2, 2⁻² = 1/4. பாதியாக்கிக்கொண்டே போனால் எண் சிறுக்குமே தவிர, பூச்சியத்துக்குக் கீழே போகாது. அடுக்கிலுள்ள மைனஸ் எண்ணைத் தலைகீழாக்கும், அதன் குறியைத் தொடாது. குறிக்கு அதே ஒற்றை, இரட்டை விதிதான்: (−3)⁻² = 1/9, (−3)⁻³ = −1/27.

பூச்சியமும் இரட்டைப்படைதான், எனவே (−7)⁰ = 1. ஆனால் −7⁰ = −1. (இதெல்லாம் முழு எண் அடுக்குகளுக்கு மட்டும்; பின்ன அடுக்கு வேறு கதை.)

சரி, இப்போது நீங்களே போட்டுப் பாருங்கள்: −(−3)³, −1⁶, (−5)⁻¹.

விடைகள்: 27, −1, −1/5.