செவில் அல்கசார் அரண்மனை: மலையகத்திலிருந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

ஸ்பெயினின் செவில் நகரத்துக்குப் போகுமுன் ஒருநாள் கண்டி டிரினிட்டி கல்லூரியின் தேவாலயத்தைப் பார்த்துவிடுங்கள். கண்டிய பாணியில் செதுக்கிய கற்றூண்களுக்கு நடுவே ஓவியர் டேவிட் பெயின்டரின் கிறிஸ்தவச் சுவரோவியங்கள் இருக்கின்றன. ஒரு மரபின் கைவினை இன்னொரு சமயத்துக்காக வேலை செய்ததை அங்கே பார்த்துப் பழகினால், கிறிஸ்தவ மன்னனுக்காக இஸ்லாமியக் கைவினை மரபில் எழுந்த அல்கசார் எளிதில் பிடிபடும். பாடசாலை வளவு என்பதால் அனுமதி கேட்டே உள்ளே போக வேண்டும்.

விசா கிடைத்த பிறகே அரண்மனைக்கு முற்பதிவு செய்யுங்கள். ஸ்பெயினுக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி வேண்டும். நுழைவுச்சீட்டை அரண்மனையின் சொந்த இணையத்தளத்திலேயே எடுங்கள். இடைத்தரகர்கள் விலையைக் கூட்டி விற்பார்கள். நம்மவர்கள் தடுக்கி விழுவது பெயரில்தான். முதலெழுத்தைப் போட்டுச் சுருக்காமல், தகப்பன் பெயர் உட்படக் கடவுச்சீட்டில் உள்ளபடியே முழுதாக எழுதுங்கள். வாசலில் நுழைவுச்சீட்டையும் கடவுச்சீட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மேல்மாடி அரச அறைகளுக்குத் தனிச் சீட்டு, தனி நேரம்.

காலை 9.30க்குத் திறந்ததும் சிங்க வாசலால் நுழைந்து, வேறெங்கும் நிற்காமல் வளாகத்துக்குள் இருக்கும் மன்னன் முதலாம் பேத்ரோவின் அரண்மனைக்கே போங்கள். பத்தரைக்குப் பிறகு குழுக்கள் வந்து நிறைந்துவிடும். முகப்பில் அவசரப்பட வேண்டாம். மேலே நீல ஓடுகளில் ‘அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளர் இல்லை’ என்ற அரபு வாசகம். அதைச் சுற்றிக் கோதிக் எழுத்தில் கிறிஸ்தவ மன்னன் பேத்ரோவின் புகழ். அதிலுள்ள ஆண்டு 1402 என்று வாசிக்கப்படும். அது பழைய ஸ்பானிய ஆண்டுக்கணக்கு, இன்றையதைவிட 38 ஆண்டு கூட. 38ஐக் கழித்தால் 1364. இந்த ஒரு சுவருக்காகவே அவ்வளவு தூரம் போகலாம்.

உள்ளே தூதுவர் மண்டபத்தில், 1366ஆம் ஆண்டு தொலேதோ நகரத் தச்சர்கள் செய்த கதவுகளின் இரு பக்கத்தையும் பாருங்கள்: ஒரு பக்கம் அரபு, மறுபக்கம் லத்தீனில் விவிலிய வசனம். தலைக்கு மேலுள்ள மரக் குவிமாடம் 1427இல் வந்தது. கன்னியர் முற்றத்தில் கீழ்த்தள வளைவுகள் முதெகார் வேலைப்பாடு, அதாவது கிறிஸ்தவ ஆட்சியிலும் தொடர்ந்த இஸ்லாமியக் கைவினைப் பாணி. மேல்தளமோ 16ஆம் நூற்றாண்டில், மன்னன் ஐந்தாம் சார்லஸ் காலத்தில் ஏற்றிய மறுமலர்ச்சிப் பாணி. நடுவிலுள்ள பள்ளத் தோட்டம் நூற்றாண்டுக் கணக்கில் பளிங்குத் தரைக்கு அடியில் மூடிக் கிடந்தது; 2000களின் தொடக்கத்தில் அகழ்ந்து மீட்டார்கள்.

அடுத்தது கோதிக் அரண்மனை. அரைமணி போதும்.

தோட்டத்தை நண்பகலுக்குத் தள்ளிப்போடாதீர்கள். யூலை, ஓகஸ்டில் வெப்பம் 40 பாகையைத் தொடும். நுவரெலியாக் குளிரில் வளர்ந்த உடம்பு தாங்காது. தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கட்டாயம். பேத்ரோவின் காதலி மரியா தே பாதில்யாவின் பெயரிலுள்ள குளியலறைக்கு வழி தோட்டப் பக்கத்திலிருந்து, கோதிக் அரண்மனைக்கு அடியில் போகிறது. பலர் தவறவிடுவது இதைத்தான். வெளியேறினால் அதே சீட்டில் திரும்ப நுழைய முடியாது. ஆகவே அதையும் பார்த்துவிட்டே வாசலுக்கு வாருங்கள்.