ஜூரி இருக்கையில் அமரும் முன்

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழருக்கு ஒருநாள் நீதிமன்றத்திலிருந்து ஜூரி (வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் குடிமக்கள் குழு) அழைப்பாணை வரலாம். 2024 வரை அங்கே நடைமுறையில் இருந்த 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாததால், இந்தியாவில் வளர்ந்த நமக்கு இது பழக்கமில்லாத பொறுப்பு.

ஜூரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது நீதிபதியும் வழக்கறிஞர்களும் கேள்வி கேட்பார்கள்: உங்கள் வீட்டில் திருட்டு நடந்ததுண்டா, உறவினர் யாராவது காவல்துறையில் இருக்கிறார்களா, காவலரின் சாட்சியத்தை மற்றவர் சாட்சியத்தைவிட அதிகம் நம்புவீர்களா? "எனக்கு எந்தச் சார்பும் இல்லை" என்று சொல்லி முடித்துவிடத்தான் தோன்றும். அப்படிச் சொல்லாதீர்கள், நடந்ததையும், அது மனத்தில் விட்டுச்சென்றதையும் உள்ளபடி சொல்லுங்கள். பலர் முன்னிலையில் சொல்லத் தயங்கினால், நீதிபதியிடம் தனியாகச் சொல்ல அனுமதி கேட்கலாம். அதனால் உங்களை விடுவித்தாலும் அதில் அவமானம் ஏதுமில்லை. வழக்கறிஞர்கள் காரணம் சொல்லாமலே சிலரை விலக்க முடியும். ஆனால் இனத்தைக் கொண்டு அரசுத் தரப்பு விலக்கக்கூடாது என்று 1986இல் பேட்சன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் ஜூரிக்கு வந்திருந்த கறுப்பினத்தவர் நால்வரையும் அரசு வழக்கறிஞர் விலக்கியிருந்தார்.

விசாரணை தொடங்கியதும் "நெருப்பில்லாமல் புகையுமா" என்ற பழமொழியை வாசலிலேயே விட்டுவிடுங்கள். கைதானதும் குற்றம் சாட்டப்பட்டதும் சாட்சியம் ஆகா. குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சிக் கூண்டில் ஏறாமல் இருந்தால் அதையும் அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு சாட்சியின் மீது நம்பிக்கை குறைகிறது என்றால், இதே சொற்களை உங்கள் சித்தப்பா தம் தமிழ் வாடை வீசும் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் நம்பியிருப்பீர்களா என்று உங்களையே கேளுங்கள். எனக்குத் தெரிந்த சோதனைகளில் இதைவிட நேர்மையானது இல்லை.

மிகவும் கடினமான இடம், ஜூரி கூடிப் பேசி முடிவெடுக்கும் கலந்தாய்வு அறைதான். கொலராடோவில் நடந்த பெஞ்யா-ரொட்ரிகஸ் வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் மெக்சிகர் என்பதால் குற்றம் செய்திருப்பார் என்று ஒரு ஜூரர் பேசினார். சட்டப்படி வசித்துவந்த ஒரு சாட்சியைச் சட்டவிரோதக் குடியேறி என்று சொல்லி, அவர் பேச்சை நம்ப மறுத்தார். தீர்ப்பு வந்த பிறகே வேறு இரு ஜூரர்கள் இதை வழக்கறிஞரிடம் தெரிவித்தார்கள். ஜூரி அறைப் பேச்சைக் கிளறக்கூடாது என்ற பழைய விதிக்கு, இத்தகைய வெளிப்படையான இனவெறுப்புக்காக உச்ச நீதிமன்றம் விலக்கு அளித்தது 2017இல்தான்.

ஆகவே தீர்ப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். அத்தகைய பேச்சு காதில் விழுந்தால், "இதற்குச் சாட்சியம் எங்கே இருக்கிறது?" என்று அங்கேயே கேளுங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால், சொன்ன சொற்களைச் சொன்னபடியே ஒரு தாளில் எழுதி, நீதிமன்ற ஊழியர் வழியாக நீதிபதிக்கு அனுப்புங்கள். யார் எந்தப் பக்கம் வாக்களித்தார்கள், எத்தனை பேர் என்பதை மட்டும் அதில் எழுதாதீர்கள்.